எஸ்ஏடியில் 1530, ஜேசியில் சி, டி: அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

தம்பி, இங்கே சிங்கப்பூரில் ஜேசி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1600க்கு 1530, ஆனால் புரமோஸில் (முதலாண்டு இறுதியில் ஜேசி வைக்கும் உள்தேர்வு) பி, சி, இயற்பியலில் டி, அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தால் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வருடமே என்றால் கஷ்டம்தான். ஜேசியின் கடைசியில் எழுதும் பொதுத்தேர்வான ஏ லெவலின் முடிவு கைக்கு வந்தபிறகு என்றால் கதையே வேறு.

அங்கே போட்டி மிகுந்த கல்லூரிகள் பலவற்றுக்கு ஜனவரித் தொடக்கத்தில் கெடு முடிந்துவிடும். நம் ஏ லெவல் முடிவு வருவதோ பிப்ரவரி கடைசியில். அதனால் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்குப் பள்ளி மதிப்பெண்களும் ஆசிரியர்களின் உத்தேசக் கணிப்பும்தான் தெரியும். எஸ்ஏடி ஆங்கிலத்தையும் கணக்கையும் மட்டுமே சோதிக்கிறது. எச்2 (ஏ லெவலின் முழு அளவுப் பாடம்) இயற்பியலில் நீங்கள் எப்படி என்பதை அது சொல்லாது. 1500க்கு மேல் வாங்கியவர்கள் குவிகிற கல்லூரிகளில் அந்த டி கண்ணை உறுத்தும்.

ஆனால் ஜேசிகள் உள்தேர்வுகளைக் கறாராகத் திருத்துவது ஊரறிந்த விஷயம். என்னிடம் துணைப்பாடம் படித்த ஒரு பையன் புரமோஸில் வேதியியலில் எஸ் (தேர்ச்சிக்குச் சற்றுக் கீழான தரம்) வாங்கினான். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். கணக்கு எல்லாம் சரி. ‘விளக்குக’ என்று கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே வரியோடு நிறுத்தியிருந்தான், மதிப்பெண் அங்கேதான் போயிருந்தது. அதை மட்டும் விடாமல் எழுதிப் பழகினான், ஏ லெவலில் ஏ. உங்கள் இயற்பியல் தாளையும் இப்படி ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம், தேசிய சேவை, அதாவது ஆண்பிள்ளைகள் கட்டாயமாகச் செய்யவேண்டிய ராணுவம், காவல் போன்ற பணி. அதைப் பலர் இழப்பாக நினைக்கிறார்கள், உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு என்பேன். முடிவு வந்ததும் முதலில் நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களான என்யுஎஸ், என்டியுவுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே உங்கள் எஸ்ஏடியும் தேவையில்லை, புரமோஸும் கணக்கில் வராது. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று எச்2 பாடங்களும் ஜிபியும் (பொதுத்தாள்) சேர்த்து அதிகபட்சம் 70 புள்ளிதான். நான்காவது பாடம் புள்ளியை உயர்த்தினால் மட்டும் சேரும். இடம் கிடைத்தால் சேவை முடியும்வரை உங்களுக்காக வைத்திருப்பார்கள். அந்தத் தைரியத்தோடு, சேவையில் இருக்கும்போதே, அசல் ஏ லெவல் சான்றிதழை வைத்து அமெரிக்காவுக்கு விண்ணப்பியுங்கள். பழைய டி அப்போதும் தெரியும். ஆனால் பக்கத்திலேயே ஏ இருந்தால் இந்தப் பையன் ஏறி வந்திருக்கிறான் என்று புரியும், 1530-உம் அதற்குச் சாட்சி சொல்லும். தேசிய சேவை இல்லாத பெண்பிள்ளைகளுக்கு இதே வழி என்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அது லேசான முடிவு இல்லை, வீட்டில் பேசித்தான் எடுக்க வேண்டும்.

கல்லூரிகளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எம்ஐடி 2022லும் ஹார்வர்ட் 2024லும் எஸ்ஏடி போன்ற தேர்வு மறுபடி கட்டாயம் என்று அறிவித்தன. பெர்க்லி, யுசிஎல்ஏ உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை, அங்கே பள்ளி மதிப்பெண்தான் முக்கியம். உங்கள் பலம் எடுபடாத இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதித் தர முடியுமா என்று இரண்டு ஆசிரியர்களிடம் ஜேசியை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். முகாமுக்குப் போனபிறகு அவர்களைத் தேடிப் பிடிப்பது சிரமம்.