சிங்கப்பூரில் எங்கள் ஆயாவுக்கு ஒரு ரோடு

வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருந்தபோது டாக்ஸியில் நடந்த வேடிக்கை ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டாவது! என் மகன் வாயைத் திறந்த டாக்ஸி எல்லாமே அப்படித்தான்.

நாங்கள் 2012 முதல் 2018 வரை சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் குடியிருந்தோம். சொந்தக் கார் கிடையாது. அங்கே கார் வாங்க முதலில் ஏலத்தில் ஓர் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், அதுவும் 10 வருடத்துக்குத்தான் செல்லும், அந்தச் சீட்டுக்குக் கொடுக்கிற காசில் தேவகோட்டையில் வீட்டையே கட்டி முடித்துவிடலாம். அதனால் ரயில், பஸ். பிள்ளை தூங்கிவிட்டாலோ மழை பிடித்துக்கொண்டாலோ டாக்ஸி. 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை மாட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம், டாக்ஸிக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தப் பெரிய இருக்கையைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருந்ததே எங்களுக்குப் பெரிய புண்ணியம்.

அங்கே டாக்ஸிக்காரர் எல்லோரும் 'அங்கிள்'தான். ஏறி உட்கார்ந்ததும் "எந்த வழியாகப் போகட்டும்?" என்று கேட்பார்கள். வழி தெரியாமல் இல்லை, பிறகு சுற்றிக்கொண்டு வந்துவிட்டாய் என்று நாம் சண்டைக்கு நிற்கக் கூடாதே, அதற்காக. நாங்கள் இருந்த பக்கத்துக்கு ஆயர் ராஜா விரைவுச்சாலைதான் தோது. ஆயர் என்றால் மலாயில் தண்ணீர். ஒருநாள் அங்கிள் "ஆயர் ராஜா, ஓகேயா?" என்று கேட்டதும், அப்போது நான்கு வயதான என் மகன் எழுந்து நிற்காத குறை. "அம்மா, இவுகளுக்கு நம்ம ஆயாவைத் தெரியுமா?"

எங்கள் பக்கம் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். (வேலைக்கு வருபவரை நினைத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் வீட்டில் அடி விழும்.) அன்றிலிருந்து அது ஆயா ராஜா ரோடு. டாக்ஸியில் ஏறினாலே "ஆயா ரோடு வழியாப் போங்க, அங்கிள்" என்பான். எனக்குத் தெரிந்து ஓர் அங்கிள்கூட அதைத் திருத்தியதில்லை.

இன்னொரு நாள் தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) தெரிந்தவர் வீட்டு விசேஷம் முடிந்து இரவு பதினொன்றரைக்குத் தெருவில் நிற்கிறோம், ஒரு டாக்ஸியைக் காணோம். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல். என் வீட்டுக்காரர் தமிழில் பொருமிக்கொண்டிருந்தார்: "12 அடிக்கட்டும்னு எங்கேயோ பதுங்கியிருக்கானுக." 12 ஐந்துக்கு வரிசையாக மூன்று வண்டி. முதல் வண்டியில் ஏறினோம், கதவைச் சாத்துவதற்குள் பையன் சுத்தமான ஆங்கிலத்தில், "அங்கிள், இவ்வளவு நேரம் எங்கே ஒளிஞ்சிருந்தீங்க? எங்க அப்பச்சி கேட்கச் சொன்னாங்க" என்றான். அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா. அப்பச்சி கேட்கச் சொல்லவே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிள் அசரவில்லை. "காப்பிக்கடையில, லா" என்றார். "தனியாவா?" "இல்லை, நிறையப் பேர்." பையன் அப்பச்சியைப் பார்த்துத் தலையாட்டினான், கேஸ் முடிந்தது என்பதுபோல.

ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிற கதை 2014இல் ஆயா வந்தபோது நடந்ததுதான். திருச்சியில் ராத்திரி விமானம், காலையில் சாங்கி. அம்மா வந்திறங்கிய கோலம்: ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் எவர்சில்வர் தூக்கு, தூக்கின் வாயைத் துண்டால் வரிந்து கட்டி, உள்ளே தேன்குழலும் சீப்புச் சீடையும். டிக்கியில் வைக்கச் சொன்னால் மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். வண்டி ஓட்டியவர் எழுபதை ஒட்டிய சீனர், தலை முழுக்க நரை, மீட்டருக்கு மேலே ஒரு குட்டிச் சாமி சிலை. பையன் வழக்கப்படி ஆயா ரோடு என்று உத்தரவு போட்டுவிட்டு, "ஆயா, உங்க பேர்ல ரோடு இருக்கு, இப்பக் காட்டுறேன்" என்று பெருமையடித்தான். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் கடலுக்கு அடியில் கொஞ்ச தூரம் போகிற சுரங்கச் சாலை ஒன்றைத் திறந்திருந்தார்கள், எங்கள் வழி அதுதான். மேலே கடல் இருக்கிறது என்று என் மகள் சொன்னதும் அம்மா தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடலுக்கும் சீப்புச் சீடைக்கும் என்ன சம்பந்தமோ!

சுரங்கத்துக்கு முன்னாலேயே ரோட்டின் குறுக்கே ஒரு வளைவு, அதைத் தாண்டும்போது வண்டிக்குள் 'பீப்' என்று ஒரு சத்தம். என்ன அது என்றாள் அம்மா. கூட்ட நேரத்தில் இந்த ரோட்டில் போக வாடகை, வண்டிக்குள் இருக்கிற பெட்டி தானாகவே பிடித்துக்கொள்ளும், அதை நாம்தான் கொடுக்க வேண்டும் என்றேன். அம்மா பேரனைப் பார்த்தாள். "ஏய்யா, என் ரோட்டுக்குப் போறதுக்கு என்கிட்டயே வசூலா?"

அங்கிளுக்குச் சிரிப்பு மட்டும் கேட்டது, என்ன விஷயம் என்றார். மகளுக்கு அப்போது எட்டு வயது, மொழிபெயர்த்தாள். அவர் கண்ணாடியில் அம்மாவின் தோட்டையும் மூக்குத்தியையும் பார்த்துவிட்டு, "செட்டியாரா?" என்றார். டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கே அங்கே 'செட்டியார் டெம்பிள்' என்றுதான் பேர், 1859இல் கட்டியது, அதனால் டாக்ஸிக்காரர்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. ஆமாம் என்றதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். அவருடைய தாத்தா கடை வைப்பதற்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு செட்டியாரிடம்தான் கடன் வாங்கினாராம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அந்தக் காலத்தில் நம்மவர்களின் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) வரிசையாக இருந்தன, தரையில் பெட்டகத்தைப் போட்டு உட்கார்ந்து வட்டிக்கு விடுவார்கள், இப்போது அங்கே வானத்தை முட்டும் கட்டடங்கள்.

மகள் இதைத் தமிழில் சொன்னதும் அம்மாவின் முகமே மாறிவிட்டது. சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏத்தா, முதலும் வட்டியும் கட்டி முடிச்சாகளான்னு கேளு."

"அம்மா, சும்மா இரு" என்று நான் சொல்வதற்குள் மகள் கேட்டுவிட்டாள், எட்டு வயசுக்கு எதை மொழிபெயர்க்கக் கூடாது என்று தெரியாது. அங்கிள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. "தெரியாது! தாத்தாவும் செத்துவிட்டார், செட்டியாரும் செத்துவிட்டார்!" அம்மா அதற்கும் விடவில்லை, "சீட்டு இருக்கும்ல?" என்றாள். மேற்கொண்டு மொழிபெயர்க்கக் கூடாது என்று மகளின் தொடையில் கிள்ளினேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மீட்டரில் முழு வெள்ளி (அங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம்) போக 60 காசு சில்லறை நின்றது. அங்கிள் சில்லறையை வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில், "வட்டியில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். அதை மட்டும் நானே மொழிபெயர்த்தேன். அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள், பிறகு துண்டை அவிழ்த்து ஒரு கை தேன்குழலை எடுத்து அவர் பக்கத்து சீட்டில் விரித்திருந்த சீனப் பத்திரிகை மேல் வைத்தாள்.

2018இல் ஊருக்கே வந்துவிட்டோம். காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் முதன்முதலாக ஆட்டோ ஏறியபோது பையன் பெல்ட்டைத் தேடினான், பிறகு மீட்டரைத் தேடினான், இறங்கும்போது ரசீது கேட்டான். ஆட்டோக்கார அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, அதை விடுங்கள்.

அம்மா தேவகோட்டை வீட்டில் இருக்கிறாள். சிங்கப்பூர் போய் வந்த யார் வந்து உட்கார்ந்தாலும், காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிடுவாள்: "அங்கே எனக்கு ஒரு ரோடு இருக்கே, பார்த்தியா? வாடகையெல்லாம் அவுகதான் வாங்கிக்கிறாக."