கீசரைப் பிரிக்கலாமா, தூக்கிப் போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். ஏழு வருடமாக ஓடும் 25 லிட்டர் கீசரைப் போட்டால், பத்து நிமிடத்தில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகி வீடு முழுக்க கரன்ட் போய்விடுகிறது. சேஃப்டி வால்விலும் தண்ணீர் சொட்டுகிறது. எலெக்ட்ரீஷியன் புதுசு வாங்கச் சொல்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, பள்ளிக்கரணை

பதில்: டேங்க் ஓட்டையாகாத வரை வேண்டாம். மற்றதெல்லாம் கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள்தான்.

எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரன்ட் ஓடினால் விழும் சுவிட்ச்) விழாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் விழுந்தால் மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்தான் காரணம். போர் தண்ணீரின் உப்பு அதன்மேல் படிந்து, உள்ளே சூடு தேங்கி, வெளிக்குழாய் விரிசல் விடும். சூடேற ஏறக் கசிவு கூடும். அதனால்தான் உடனே விழாமல் சற்று நேரம் கழித்து விழுகிறது. 500 வோல்ட் மெக்கர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து எலிமென்ட் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 1 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். இரு முனைகளுக்கு இடையே, 2 கிலோவாட் எலிமென்ட் என்றால், சுமார் 26 ஓம். ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து தருகிறேன் என்பவரை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். அப்போதும் டேங்க் காலியாகாது. சேஃப்டி வால்வு தண்ணீரைத் திரும்ப விடாது. அதைக் கழற்றினால்தான் வடியும். பழைய எலிமென்ட்டையோ மாடல் நம்பரையோ காட்டி வாங்குங்கள். எலிமென்ட்டை டேங்கோடு பொருத்தும் தட்டான ஃபிளாஞ்சின் அளவு மாடலுக்கு மாடல் மாறும். கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். பிரித்த கையோடு மெக்னீசியம் ராடையும் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்துபோவதே அதன் வேலை. மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், போர் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

புது எலிமென்ட் முதல் நாளே எரிந்துபோவதும் உண்டு. டேங்க் நிரம்பும் முன் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். வெந்நீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே போட வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். உப்பு வேகமாகப் படியும்.

வால்வு சொட்டுவது சூடாகும்போது மட்டும் என்றால் பழுதே இல்லை. 25 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 60 ஆகும்போது கிட்டத்தட்ட 300 மி.லி. விரியும், அது வெளியேற வேறு வழியில்லை. எம்-சீல் வைத்து அடைப்பது ஆபத்து. ஆறிய பிறகும் சொட்டினால் வால்வில் உப்பு சிக்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

கீசர் உடம்பின் அடியிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் வந்தால் மட்டும் எலெக்ட்ரீஷியன் சொன்னதே சரி. வெல்டிங் வைத்தால் டேங்க் உட்பூச்சு கருகி, பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும்.

கேள்வி: லைட் எரிகிறது, தண்ணீர் சுடவில்லை. ஏன்?
– வாசகர், திருப்பூர்

பதில்: சூடாவதைக் காட்டும் லைட் எரிந்தால் எலிமென்ட் அறுந்திருக்கும். பவர் லைட் மட்டும் எரிந்தால் தெர்மோஸ்டாட் அல்லது கட்-அவுட் (அளவுக்கு மீறிச் சூடானால் கரன்ட்டைத் துண்டிக்கும் பாகம்) காரணம். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, கட்-அவுட்டில் ரீசெட் பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். மறுபடி விழுந்தால் பட்டனோடு மல்லுக்கட்ட வேண்டாம்; தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணீரைக் கொதிக்க விடுகிறது, அதை மாற்றுங்கள்.