60 டிகிரியை எங்கிருந்து அளப்பது?

கேள்வி: ஒரு புள்ளியில் 4 நியூட்டன், 3 நியூட்டன் விசைகள் தமக்குள் 60 டிகிரி கோணத்தில் செயல்படுகின்றன. முக்கோண விதிப்படி வரைந்தால் எனக்குத் தொகுபயன் (இரண்டும் சேர்ந்த மொத்த விசை) 3.6 நியூட்டன் வருகிறது. பாடநூல் விடையோ 6.1. எங்கே தவறினேன்? ஒரு புள்ளியில் செயல்படும் விசையின் அம்பை வேறிடத்துக்கு நகர்த்துவதும் எப்படிச் சரியாகும்?

பதில்: 3.6 என்ற எண்ணே தவறு நேர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. விசை போல அளவும் திசையும் கொண்டவை வெக்டர்கள்; அவற்றை அம்புகளாக வரைகிறோம். இரு வெக்டர்களுக்கு இடைப்பட்ட கோணம் அவற்றின் வால்கள் ஒன்றுசேர்ந்திருக்கும் நிலையில் அளக்கப்படுவது. முக்கோண விதியிலோ முதல் அம்பின் தலையில் இரண்டாவதன் வாலை வைக்கிறோம். நீங்கள் 60 டிகிரியை முக்கோணத்தின் உள்ளே அளந்துவிட்டீர்கள். 1 நியூட்டனுக்கு 2 செ.மீ. என்று கொண்டு, 8 செ.மீ. நீளத்தில் முதல் அம்பை வரைந்து, அதே கோட்டைத் தலைக்கு அப்பாலும் புள்ளிக்கோடாகச் சற்று நீட்டுங்கள். கோணமானியின் மையத்தை அந்தத் தலையில் பொருத்தி, புள்ளிக்கோட்டிலிருந்து 60 டிகிரி அளந்து 6 செ.மீ. அம்பை வரையுங்கள். முக்கோணத்தின் உட்கோணம் இப்போது 120 டிகிரி. முதல் அம்பின் வாலையும் இரண்டாவதன் தலையையும் இணைக்கும் கோடு ஏறத்தாழ 12.2 செ.மீ. இருக்கும், அதாவது 6.1 நியூட்டன். அது 4 நியூட்டன் விசையிலிருந்து சுமார் 25 டிகிரி விலகியிருக்கும் என்பதையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

இவ்விசைகள் செங்குத்தாக இருந்தால் தொகுபயன் 5, ஒரே திசையில் இருந்தால் 7. ஆகவே 60 டிகிரியில் விடை இவ்விரண்டுக்கும் இடையில்தான் வர முடியும் என்பதை வரையும் முன்பே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்ட 3.6 இவ்விரு விசைகளின் வேறுபாட்டு வெக்டரின் எண்மதிப்பு. இணைகரம் வரைந்தால் அதன் மற்றொரு மூலைவிட்டமாக அது கண்ணில் படும்.

உங்கள் இரண்டாவது ஐயம் மிக நல்ல ஐயம். பலர் அதைக் கேட்காமலே வரையப் பழகிவிடுகிறார்கள். தாளில் நகர்வது அம்புதானே தவிர, விசை செயல்படும் இடம் மாறுவதில்லை. இணையாக நகர்த்தும்போது அம்பின் நீளமும் திசையும் மாறாதிருப்பதால் கூட்டலுக்கு அதுவே போதும். இரு வால்களையும் அதே புள்ளியில் வைத்து இணைகரம் வரைந்து பாருங்கள்: 3 நியூட்டன் அம்புக்கு எதிர்ப்பக்கமாக அமைவது நீங்கள் நகர்த்திய அதே அம்புதான். நியூட்டன் 1687-இல் தம் இயக்க விதிகளின் முதல் கிளைத்தேற்றமாக இந்த இணைகரத்தையே வைத்தார். பொருள் சுழலுமா என்று கணக்கிடும்போது மட்டும் விசை எந்தக் கோட்டின் வழியே செயல்படுகிறது என்பதும் தேவைப்படும். அங்கே அம்பை விருப்பம்போல் நகர்த்தக் கூடாது.