ஒரு வைஃபைல ஒம்பது பேரு, ஆளுக்கு 10 எம்பிபிஎஸ் ஸ்பீடுன்னு பிரிச்சு விட்டா லேக் பிரச்சனை தீருமா?

தீராதுங்க. இதே யோசனை எனக்கும் வந்துச்சு, பேச்சுலர்ஸா ஒரு வீட்ல தங்கியிருந்தப்போ. டவுன்லோடு 100, அப்லோடு வெறும் 10, அப்படி ஒரு லைன். ஒவ்வொரு போனோட மேக் அட்ரஸையும் (ரூட்டர் அந்த போன அடையாளம் கண்டுக்கற நம்பர்) எடுத்து ரூட்டர்ல லிமிட் போட்டேன். ரெண்டே நாள்ல ஒருத்தன் போன்ல ப்ரைவேட் அட்ரஸ் செட்டிங்க மாத்திட்டான், அந்த நம்பரே மாறிடுச்சு, ரூட்டருக்கு அது புது போன், லிமிட் காலி. அதக்கூட விடுங்க, ராத்திரி 2 மணிக்கு வீடே தூங்கும்போதும் முழிச்சிருக்கவனுக்கு அதே 10தான், மீதி 90 சும்மா கெடக்கு.

அப்புறம்தான் பிங் போட்டுப் பாத்தேன், அதாவது ஒரு சின்ன மெசேஜ் போயிட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு. சும்மா இருக்கப்போ 15 மில்லிசெகண்ட், எவனாவது போட்டோவெல்லாம் கிளவுடுக்கு ஏத்த ஆரம்பிச்சா 400க்கு மேல. இதுக்குப் பேரு பஃபர்ப்ளோட். மளிகைக்கடைல முன்னாடி ஒருத்தர் மாசச் சாமான் லிஸ்ட்டோட நிக்கறாரு, நீங்க ஒரு தீப்பெட்டி வாங்க அவர் பின்னாடி காத்துக் கெடக்கீங்க, அந்தக் கதைதான், கேம் பாக்கெட்டும் (பாக்கெட்னா நெட்ல போற டேட்டா துண்டு) வீடியோ காலும் தீப்பெட்டி. மோடத்துக்குள்ள அந்த கியூ நீளமா வளருது, அங்க நம்ம கை வைக்க முடியாது.

அதனால டவுன்லோடு 90, அப்லோடு 9தான்னு ரூட்டர்கிட்ட கொஞ்சம் கம்மியாவே சொல்லி வெக்கணும். அப்ப கியூ நம்ம ரூட்டர்லயே நிக்கும், அத அது பிரிச்சுப் பாத்துக்கும். ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச சாஃப்ட்வேர்) போட முடியற ரூட்டர்னா, கியூவ கவனிச்சுக்கற எஸ்க்யூஎம் பேக்கேஜ இறக்கி அதுல கேக் (CAKE)னு இருக்கறத செலக்ட் பண்ணுங்க. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல டிவைஸ் வாரியா சமமா பங்கு போடச் சொல்லிடுங்க, இல்லன்னா டோரண்ட்ல நூறு கனெக்‌ஷன் தொறக்கறவன் நூறு பங்கு வாங்கிட்டுப் போயிடுவான். யாரும் இல்லாதப்போ ஒருத்தனே 90ஐயும் எடுத்துக்கலாம். ரொம்பப் பழைய ரூட்டர்னா சிபியு திணறும், அதையும் பாத்துக்கோங்க.

இது லைனுக்கு மட்டும்தான். வைஃபை சிக்னலா காத்துல நடக்கறது வேற. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். 1500 பைட் பாக்கெட்ட 300 எம்பிபிஎஸ்ல அனுப்ப சுமாரா 0.04 மில்லிசெகண்ட், மூலை ரூம்ல சிக்னல் இல்லாம 6 எம்பிபிஎஸ்ல இழுக்கற போனுக்கு அதே பாக்கெட்டுக்கு 2 மில்லிசெகண்ட். அம்பது மடங்கு, அதுவரைக்கும் மத்தவங்க எல்லாம் வாய மூடிட்டு இருக்கணும். டிவிய கேபிள்ல மாட்டுங்க, கிட்ட இருக்கற போனெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ்க்கு, 2.4ல சேனல் 1, 6, 11ல எது காலியோ அது, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்க்கு மேல வேணாம்.

மூலை ரூமுக்கு மொதல்ல சிக்னல வாங்கித் திருப்பி அனுப்பற எக்ஸ்டெண்டர் வாங்கினேன், அதுவும் அதே காத்துலயே ரெண்டு தடவ பேசுது, வெட்டிச் செலவு. கடைசில 20 மீட்டர் கேட்6 கேபிள் இழுத்து அந்த ரூம்லயே வைஃபை குடுக்கற இன்னொரு பெட்டி, ஆக்சஸ் பாயிண்ட், வெச்சேன். அதுக்கப்புறம் லேக்னு யாரும் கத்தல, கேபிள் கால்ல தடுக்குதுன்னுதான் மூலை ரூம்காரன் கத்தினான்.