கைலியில் பை, சேலையில் விரிப்பு, கம்பளியில் ஆட்டுக்குட்டி

கேள்வி: என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளும் கரையில்தான் இருப்பார். கையில் காசு புழங்காது. அந்தச் சமயத்தில்தான் நாத்தனாருக்குப் பிரசவம். கடலில் பாசி எடுக்கப் போகும் மாமியாருக்கும், என் பள்ளித் தோழிக்கும்கூட என் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசை. அலைபேசியில் பார்த்து ஆறு உருண்டை கம்பளி நூலும் குரோஷா ஊசியும் வாங்கி ஒரு சால்வை பின்னத் தொடங்கினேன். பாதி முடிந்ததும், "இந்த வெயிலில் இதை யார் போர்த்துவது?" என்று அவர் சிரித்துவிட்டார். வீட்டில் தையல் இயந்திரம் கிடையாது. என்ன செய்யலாம், அக்கா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். அண்ணன் மகன் பிறந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்து சிவப்புக் கம்பளியில் ஒரு குல்லாய் பின்னிக் கொண்டுபோனேன். அரை மணி நேரம் போட்டார்கள். பிள்ளையின் நெற்றி முழுக்க வேர்க்குரு. அடுத்த முறை போனபோது அந்தக் குல்லாய் தண்ணீர்க் கூஜாவின் வாயை மூடிக்கொண்டிருந்தது. அண்ணி கெட்டிக்காரி.

கடையில் கம்பளி என்று கொடுக்கும் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். நுனியில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தியானால் சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். வியர்வையையும் உறிஞ்சாது. எனவே குழந்தைக்கு வேண்டாம். அடுப்படிக்குக் கரித்துணியும் அதில் பின்ன வேண்டாம், சூடான பாத்திரத்தோடு கையில் ஒட்டிக்கொள்ளும்.

குழந்தைக்கு விரிப்பு தைக்க உங்கள் பெட்டியிலேயே சரக்கு இருக்கிறது. பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திச் சேலை ஒன்றை எடுங்கள். முக்கால் மீட்டருக்கு ஒன்றாக நான்கு துண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மூன்று மீட்டர் இதற்குப் போகும், மீதியில் குட்டித் தலையணைக்கு உறை தைக்கலாம். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி 'காந்தா' விரிப்பு தைப்பது இப்படித்தான். அடுக்கியதும் அவசரப்பட்டு ஓரத்திலிருந்து தைக்காதீர்கள். நடுவிலிருந்து நான்கு பக்கமும் பெரிய பெரிய தையலாக ஒரு தற்காலிக ஓட்டு போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முடிக்கும்போது துணி ஒரு பக்கம் இழுத்து, நடுவில் அப்பளம் மாதிரி உப்பிக்கொள்ளும். பிறகு இரண்டு விரல் இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத் தையல். நூலைக் கை நீளத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், சிக்கு விழும். ஒருமுறை மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொண்டால் வழுக்கிப் போகும். முடிச்சுகளை இரண்டு அடுக்குக்கு நடுவே ஒளித்துவிடுங்கள். மணி, பொத்தான், ஜிகினா எதுவும் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் வயது வெகு சீக்கிரம் வந்துவிடும். தற்காலிக ஓட்டைக் கடைசியில் உருவிவிடுங்கள். ஓரத்துக்குப் புதுத் துணி வைப்பதானால் அதை முதலில் தனியாக அலசிக் காயவையுங்கள். சாயமும் சுருக்கமும் அப்போதே போய்விடும்.

உப்புக் காற்றில் ஊசி துருப்பிடிக்கிறதா? சீப்பில் வரும் தலைமுடியைச் சேர்த்துத் துணியில் திணித்து ஒரு குட்டித் திண்டு தைத்து, ஊசியை அதில் குத்தி வையுங்கள். முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஊசியைக் காக்கும். தோழிக்கும் இதையே கொடுக்கலாம். கூச்சமாக இருந்தால் முடிக்குப் பதில் பஞ்சு.

சிரித்தவரைச் சும்மா விடலாமா? தடைக்காலத்தில் கிழிந்த வலையைப் பொத்த உட்காருவார். அவர் பக்கத்தில் உங்கள் குரோஷாவோடு போய் உட்காருங்கள். நீங்கள் பின்னுவது முடிச்சே இல்லாத வேலை. நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் பிரிந்து வந்துவிடும், தப்பினால் திரும்பப் பின்னலாம். அவர் கையில் இருப்பதோ கண்ணுக்குக் கண் முடிச்சு. ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் நிற்கும். மிஞ்சிய நைலான் நூலில் ஒரு முழ அகலத்துக்கு வலைத்துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். அடியையும் பக்கத்தையும் கோத்து, அவருடைய பழைய கைலியில் நான்காக மடித்த பட்டையைப் பிடியாக வைத்துத் தைத்தால் சந்தைப் பை. மீன் வாங்கினால் தண்ணீர் வடிந்துவிடும், ஒரு அலசில் வாடை போகும். கைலியில் மிச்சம் இருப்பதை மளிகைப் பையாக்குங்கள். பிடி சேரும் இடத்தில் சதுரம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறியாகவும் தையுங்கள். அரிசியோடு தொங்கும்போது முதலில் பிய்வது அந்த இடம்தான்.

பாதிச் சால்வையைப் பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் சுருள்சுருளாக வரும். வெள்ளை நூலாக இருந்தால் அந்தச் சுருளே ஆட்டுக்குட்டிக்கு அழகு. நான்கு விரலில் அறுபது சுற்று சுற்றி, கழற்றி, நடுவில் இறுகக் கட்டி, இரண்டு பக்கமும் கத்தரித்து உதறினால் பந்து. பெரிதோடு சிறிதொன்றைச் சேர்த்துக் கறுப்புத் துணியில் காது வைத்தால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு மந்தையே தேறும். டிசம்பர் வரை அவகாசம் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு என்ன என்பதைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். பாசி எடுக்கும் பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பழைய ஜீன்ஸ் துணியில் அவருக்கு விரல் உறை தைத்துக் கொடுங்கள். பருத்தி நூல் உப்புநீரில் ஊறி இற்றுவிடும், பாலியஸ்டர் நூல் போடுங்கள். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும்; உள்ளே இருந்தால் ஊறிய விரலை அறுக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தைத்து நீட்டிவிடாமல், முதலில் ஆள்காட்டி விரலுக்கு ஒன்று மட்டும். துணியை நனைத்துக்கொண்டு அளவு பாருங்கள். ஒரு நாள் கடலில் போட்டுப் பார்த்துவிட்டு அவர் என்ன சொல்கிறாரோ, அதன்படி மற்ற விரல்களுக்கு வெட்டுங்கள்.