கட்டை விரல் தானாகத் துடிக்கிறது... நரம்பு நோயா?

கேள்வி: என் வயது 34. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. நாள் முழுவதும் கம்ப்யூட்டர்தான். மூன்று வாரமாக வலது கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதை தானாகத் துடிக்கிறது. சில நேரம் விரலே சுண்டிச் சுண்டி இழுக்கிறது. வலி இல்லை. தினமும் ஐந்தாறு காபி, ஐந்து மணி நேரத் தூக்கம். அசிடிட்டிக்காக ஒன்றரை வருடமாகப் பான்டோப்ரசோல் சாப்பிடுகிறேன். இணையத்தில் தேடினால் ஏஎல்எஸ் என்று வருகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் பார்த்துவிடுவோம். ஏஎல்எஸ் என்பது தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழியும் நோய். அதில் நாங்கள் தேடுவது துடிப்பை அல்ல, பலவீனத்தையும் சதை கரைவதையும்தான். வெறும் துடிப்பு மட்டும் இருந்து, கைக்குப் பலம் குறையாமல் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த நோய் இருப்பதில்லை.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கட்டை விரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்துங்கள். கையின் பின்புறம், இரண்டு விரலுக்கும் நடுவே சதை மேடாக எழும்பும். இரு கைகளிலும் அது ஒரே அளவு திரண்டு, கெட்டியாக இருக்கிறதா, ஒரு பக்கம் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே இடுக்கில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாள் எளிதாக நழுவினாலோ, பிடித்து நிறுத்தக் கட்டை விரல் நுனியை மடக்க வேண்டியிருந்தாலோ, நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சட்டைப் பொத்தான் போடுவது, பூட்டில் சாவி திருப்புவது திடீரென்று சிரமமாகிவிட்டாலும் அப்படித்தான்.

தசையின் ஒரு கொத்து இழைகளை ஒரே நரம்பு இயக்குகிறது. அந்த நரம்பு, மூளை சொல்லாமலே தானாகத் தூண்டப்படும்போது தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கும். அதிகக் காபி, தூக்கக் குறைவு, மனப் பதற்றம், ஒரே விரலுக்கு ஓயாத வேலை ஆகியவை நரம்பை இப்படிச் சீண்டுபவை. உங்களிடம் இவற்றில் மூன்று இருக்கின்றன. பயம் சேர்ந்ததால் நான்கு.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் பான்டோப்ரசோல். இவ்வகை மாத்திரைகளை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடுவோரில் சிலருக்கு, குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது குறைந்துபோகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே இதை எச்சரித்திருக்கிறது. மெக்னீசியம் இறங்கினால் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். நரம்பு சும்மா இருக்காது. மாத்திரையை நிறுத்தாமல் மெக்னீசியம் மட்டும் கொடுத்தால் சிலருக்கு அளவு ஏறுவதுமில்லை. அதற்காக நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து படுத்தும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசிப் படிப்படியாகக் குறையுங்கள். கடையில் மெக்னீசியம் வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டாம், சிறுநீரகம் பழுதாக இருந்தால் அது உடலில் தேங்கிவிடும். 'நரம்புச் சத்து' மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால், அவற்றில் உள்ள பி6 அளவு மிஞ்சி நரம்பையே கெடுக்கும்.

ரத்தத்தில் மெக்னீசியம், கால்சியம், அல்புமின் என்ற புரதம், பொட்டாசியம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், சர்க்கரை, வைட்டமின் டி, பி12 பாருங்கள். அல்புமின் குறைந்திருந்தால் கால்சியமும் குறைவாகத் தெரியும், அதனால்தான் இரண்டும் சேர்ந்து வேண்டும். வாயைச் சுற்றி மதமதப்பும் விரல்கள் ஒன்றுகூடி இழுப்பதும் இருந்தால் கால்சியக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்துமாவுக்கான சல்பியூட்டமால் இன்ஹேலரோ, நீர் பிரியும் மாத்திரையோ எடுத்தால், அவையும் துடிப்புக்குக் காரணமாகலாம் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, நரம்பு எங்காவது நசுங்குகிறதா என்பது. இரவில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்து, கையை உதறினால் சரியானால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சுண்டு விரல் பக்கம் மரத்தால், மேசையில் முழங்கையை ஊன்றும் பழக்கம் காரணமாக இருக்கலாம். கழுத்திலிருந்து கைக்கு வலி இறங்கினால் கழுத்து எலும்பைப் பார்க்க வேண்டும். பதினைந்து முதல் இருபத்தைந்து வயது ஆண்களுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, குளிர்ந்த நீரில் விரல் விறைத்தால் அது கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் அழுந்தும் ஹிராயமா நோயாக இருக்கலாம். கழுத்தைக் குனிந்த நிலையில் எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். உங்கள் வயதுக்கு அது பொருந்தாது.

துடிப்பு ஒரே தாளத்தில் விரலில் தொடங்கிக் கை, முகம் என்று ஏறினால் அது வலிப்பு. பூச்சிமருந்து அடித்த பின் துடிப்போடு வியர்வை, எச்சில், வாந்தி வந்தால் விஷம் ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் உடனே அவசர சிகிச்சை தேவை.

இப்போதைக்குக் காபியை இரண்டு டம்ளராக்குங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், நாலைந்து நாளில் குறையுங்கள். ஏழு மணி நேரம் தூங்குங்கள். அரை மணிக்கொரு முறை மவுஸை விட்டுவிட்டு விரல்களை விரித்து மூடுங்கள். நான்கு வாரத்தில் தணியாவிட்டால், தசையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இஎம்ஜி பரிசோதனை பற்றி யோசிக்கலாம். துடிக்கும்போது செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் உட்காரும்போது பெரும்பாலும் அது நின்றுவிடும்.