தினம் ஒரு முகவரி: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். லினக்ஸ் போட்டிருக்கிறேன், இணையம் கேபிள் வழியாக. அலுவலகத்தில் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பதிவு செய்தால்தான் நெட்வொர்க்கில் விடுவார்கள். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அந்த முகவரியே இல்லை, வேறொன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இப்படித்தான். ஈத்0 என்றிருந்த கார்டு இப்போது ஈத்9 என்று வந்து நிற்கிறது. கார்டு போய்விட்டதா? மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். மாற்றவும் முடியாது, லேப்டாப்பில் கேபிள் கார்டு பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கார்டு போயிருந்தால் ஈத்9 வரை எண்ணிக்கொண்டிருக்காது.

இதே கூத்தில் நான் இரண்டு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன். கேபிளை மாற்றினேன், ரூட்டரைத் திட்டினேன். கடைசியில் ரூட்டரின் பட்டியலைத் திறந்தால் என் ஒரே லேப்டாப் பதினேழு பேராக அதில் உட்கார்ந்திருந்தது!

நடப்பது இதுதான். 12 இலக்க மேக் முகவரி (இரண்டிரண்டாக ஆறு ஜோடி, 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் இலக்கங்கள்) ஒரு சின்ன நினைவகச் சிப்பிலோ கணினியைத் தொடங்கி வைக்கும் பயாஸ் சிப்பிலோ இருக்கும். பூட் ஆகும்போது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், அதைப் படிக்கும். படித்தது எல்லாம் பூஜ்யமாக இருந்தாலோ, முதல் ஜோடி ஒற்றைப்படையாக இருந்தாலோ (அது குழுவுக்கான முகவரி, தனிக் கார்டுக்கு ஆகாது) டிரைவர் அதை ஏற்காது. தானே ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கார்டுக்குக் கொடுத்துவிடும். அடுத்த பூட்டில் மறுபடி குலுக்கல். பழைய லினக்ஸில் யூடெவ் என்ற பகுதி ஒவ்வொரு முகவரியையும் புதுக் கார்டு என்று நம்பி, '70-பெர்சிஸ்டென்ட்-நெட்' என்ற விதிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அடுத்த எண்ணைக் கொடுக்கும். உங்கள் 9 அப்படி வந்ததுதான்.

முதலில் லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிச் சில நிமிடம் விட்டுப் போடுங்கள். சில பழைய சிப்செட்டுகள் முகவரியைத் தலைகீழாக, கடைசி ஜோடி முதலில் வரும்படி வைத்திருக்கும். டிரைவர்தான் திருப்பிப் போட வேண்டும். திருப்பியாயிற்றா இல்லையா என்பதில் குழப்பம் வந்தால் நல்ல முகவரியும் செல்லாத முகவரி ஆகிவிடும். மின்சாரம் முழுதாகப் போனால் இந்தக் குழப்பம் சில சமயம் தீரும்.

அப்புறம் பூட் ஆகும்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் குறிப்புகளைப் பாருங்கள். ஃபோர்ஸ்டெத் என்ற டிரைவராக இருந்தால், தான் தள்ளிய முகவரியை அப்படியே காட்டி, 'வன்பொருள் விற்றவரிடம் புகார் செய்யுங்கள்' என்றும் எழுதியிருக்கும். புகார் கிடக்கட்டும், அந்த முகவரியை ஜோடி ஜோடியாகப் பின்னாலிருந்து படியுங்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரோடு பொருந்தினால் உண்மையான முகவரி கிடைத்துவிட்டது.

அதை நெட்வொர்க் மேனேஜரில் (லினக்ஸில் இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நிரல்) கேபிள் இணைப்பின் ஈதர்நெட் பக்கத்தில், 'க்ளோன்ட் மேக் அட்ரஸ்' பெட்டியில் எழுதுங்கள். பக்கத்திலேயே 'டிவைஸ்' என்ற பெட்டியில் பழைய முகவரி ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள். நான் அதைக் கவனிக்காமல் இன்னும் ஒரு மணி நேரம் வீணடித்தேன்.

இதோடு ஈத் எண் ஏறுவது நிற்காது. யூடெவ் கார்டைப் பார்க்கும் நேரத்தில் குலுக்கல் முகவரிதான் இருக்கும். விதிக் கோப்பை நகல் எடுத்துவிட்டு, அந்த வரிகளை நீக்கி, முகவரிக்குப் பதில் கார்டின் பிசிஐ இடத்தை (மதர்போர்டில் அது இணைந்திருக்கும் இடத்தின் எண்) வைத்துப் பெயர் கொடுக்கும்படி ஒரே வரி எழுதுங்கள். 2013-க்குப் பிறகு வந்த பல லினக்ஸ்களில் பெயர் இடத்தை வைத்தே வருவதால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்டிக்கரும் இல்லை, குறிப்பும் இல்லை என்றால் நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளலாம். முதல் ஜோடி 02 என்று இருக்கட்டும், அது நாமே வைத்த முகவரி என்பதன் அடையாளம். இன்னொரு கணினியின் முகவரியை மட்டும் நகலெடுக்காதீர்கள். ஒரே நெட்வொர்க்கில் இரண்டும் இருந்தால் இரண்டுமே தடுமாறும்.

கேள்வி: என் விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபை முகவரி மட்டும் தினமும் மாறுகிறது. கேபிள் முகவரி மாறவில்லை. இதற்கும் அதே வைத்தியமா?

பதில்: இல்லை, இது நோயே இல்லை. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றா என்று பாருங்கள். அப்படியானால் அது தொழிற்சாலை முகவரி அல்ல, மென்பொருள் வைத்தது. யாரும் உங்களைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக விண்டோஸில் ஒரு வசதி உண்டு. வைஃபை அமைப்புகளில் குறிப்பிட்ட அந்த நெட்வொர்க்கைத் திறந்து, 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்பது 'தினமும் மாற்று' என்று இருக்கிறதா பாருங்கள். பதிவு கேட்கும் நெட்வொர்க்குக்கு மட்டும் அணைத்தால் போதும். வெளியிடங்களின் வைஃபைக்கு அது இருக்கட்டும்.